சிரஸ்தார் வீட்டு மதில்

கேட்டருகே மகள் செருப்பைக் கழற்றும்போதே ஞானஒளிவுக்குத் தெரிந்துவிட்டது, அவள் காப்பி குடிக்க வரவில்லை என்று. காப்பிக்கு வருகிறவள் கேட்டைத் திறக்கும்போதே தம்பி மனைவி ஹெப்சியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு வருவாள். இன்றைக்கு மதிலை ஒருமுறை பார்த்தாள். மதிலை ஒட்டி உட்புறம் நின்ற வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு பேசாமல் வந்து அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, சாயங்காலம் வார்டுக் கூட்டம்."

"தெரியும். காலையிலேயே மைக் செட் கட்டிட்டானுவ."

"மதில் விஷயம் வரும்."

ஞானஒளிவு பத்திரிகையை மடித்து வைத்தார். நாலாக மடித்து, ஓரங்களை நகத்தால் நீவி, மேஜை விளிம்புக்கு நேராக வைத்தார். கோர்ட்டில் சிரஸ்தாராக, அந்த அலுவலகத்துக்கே தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்குக் கட்டுகளை இப்படித்தான் அடுக்குவார். நீதிபதிகள் வருவார்கள், மாறிப் போவார்கள். கோர்ட் அவர் கையில் ஓடியது என்று சங்கரன்கோவிலில் இன்றைக்கும் வக்கீல்கள் சொல்வார்கள். அவர் கண்முன்னேதான் மகள் ரெனி கறுப்புக் கோட்டு மாட்டி, அதே கோர்ட்டில் நின்று பேர் வாங்கினாள். பிறகு ஒருநாள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர்தலில் நின்றாள். ஜெயித்து கவுன்சிலர் ஆனாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சமுதாயக் கூடத்துக்கு முன்னால் கூட்டம் போட்டு, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், நான் நின்றுகொண்டு பதில் சொல்வேன் என்று ஆரம்பித்தாள். "கோர்ட்ல குறுக்கு விசாரணைன்னு ஒண்ணு இருக்கு. சாட்சி சொல்ல வந்தவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் நின்னு பதில் சொல்லணும். ஓட்டு போட்ட சனத்துக்கு அந்த உரிமை அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள்தானா? அந்த ஒரு நாளும் விரல்ல மை வச்சுட்டு வாயை மூடிக்கிட்டுப் போகணுமா?" என்று முதல் கூட்டத்தில் அவள் கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வீட்டுக்குள் இருந்து மைக்கில் கேட்ட ஞானஒளிவுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் அதற்கு அடுத்து மீன்காரி மைமூனம்மாள் எழுந்து, சாக்கடைக்கு மூடி போடத் துப்பில்லையா என்று கேட்டதும், தன் அப்பா தானியேல் ஆசிரியரின் பேத்தி கைகட்டி நின்று அதற்குப் பதில் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"வரட்டும்," என்றார் இப்போது. "பரிசீலனையில இருக்குன்னு சொல்லு. எல்லாரும் சொல்லுததுதானே."

"அளந்தாச்சுப்பா. மதில் ரெண்டு முழம் தெருவுல நிக்கி. கிணத்தடிச் சந்துத் தண்ணி ஓடைக்குப் போக வழியில்ல. போன ஐப்பசி மழையில அன்னக்கிளி தறிக்கூடத்துல முழங்கால் தண்ணி. மோட்டார் போச்சு, பாவு நூலும் போச்சு. நீங்களும் பாத்தீங்கல்ல."

"உன் தம்பி திங்கக்கிழமை ஸ்டே வாங்குதான்."

"கிடைக்கும். நான் வக்கீலா இருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேன். ஆனா ஸ்டே, மதில் சரியா நிக்குன்னு சொல்லாதுப்பா. இப்போதைக்குத் தொடாதேன்னுதான் சொல்லும். அந்த 'இப்போதைக்கு' எத்தனை வருஷம் போகும்னு உங்களுக்குத் தெரியாதா? அத்தனை ஐப்பசியும் அந்தச் சந்துக்காரங்க நனையணும். சட்டம் தெரிஞ்சவன் சட்டத்தைக் குடையா பிடிச்சுக்கிட்டு நிப்பான், தெரியாதவன் நனைவான். இதை மாத்தத்தான் நான் ஓட்டுக் கேட்டேன்."

"மேடைப் பேச்சை மேடையில பேசு." ஞானஒளிவின் குரல் உயரவில்லை. கோபத்தில் அவர் குரல் தாழும். "கேட்டுத் தூண்ல எங்க அப்பா பேரு கல்லுல வெட்டியிருக்கு. அந்தப் பேரை அங்கன மைக்ல போட்டு ஊரு மெல்லுததுக்குக் குடுக்காதே. இந்த வீட்டைப் பத்தி உன் வாயில ஒரு வார்த்தை வரக்கூடாது."

"நானா சொல்லமாட்டேன். கேட்டா பதில் சொல்லுவேன். கேட்ட கேள்விக்கு மழுப்புனா நான் நடத்துறது கூட்டம் இல்லப்பா, வெறும் நாடகம்."

"அப்ப இந்த வீட்டுப் படி ஏறாதே."

உள்ளிருந்து காப்பியோடு வந்த ஹெப்சி நிலைக்கதவுப் பக்கமே நின்றுவிட்டாள். ரெனி எழுந்தாள். கேட்டுக்கு வெளியே தெருப் படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சாயங்காலம் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே பிரேம்சிங் வந்துவிட்டான். அவருடைய மகன், ரெனிக்கு இளையவன். வீட்டு மனை வாங்கி விற்கிற தொழில். வந்ததும் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினான். தெருப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினான்.

"யாரு வந்து கூப்பிட்டாலும் அப்பா தூங்குதாங்கன்னு சொல்லிருவோம். நம்ம வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தாலும் ஒப்புக்கிட்டதா ஆயிரும், பிறகு ஸ்டே நிக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு."

"எனக்கே சட்டம் சொல்லித் தாரியாலே?"

"இல்லப்பா, சும்மா சொன்னேன்."

ஜன்னலைச் சாத்தினாலும் வேப்பமரம் தெரிந்தது, முற்றத்துக் கதவு வழியாக. பழைய மண்மதில் விழுந்தபோது ஞானஒளிவு கண் ஆபரேஷனுக்காகத் திருநெல்வேலியில் இருந்தார். திரும்பி வந்தபோது புது மதில் சுண்ணாம்பு வாசனையோடு நின்றது. கண்ணில் கட்டு அவிழ்த்த பிறகு முற்றத்தில் இறங்கிப் பார்த்தார். வேப்பமரம் உள்ளே இருந்தது.

அது தெருவில் நின்ற மரம். தறிக்காரர்கள் பாவு ஓட்டிய பிறகு அதன் நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவருடைய அப்பா காலத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்ததும் அதில்தான். அன்றைக்கு அவர் மகனைப் பார்த்தார். மகன் வேறெங்கோ பார்த்தான். ஞானஒளிவு கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதிலைக் கேட்ட பிறகு அவர் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

மைக்கில் கூட்டம் ஆரம்பித்தது. தெரு விளக்கு, குடிதண்ணீர், நாய்த் தொல்லை. ரெனி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததற்குத் தெரியாது என்றாள். பிரேம்சிங் முற்றத்துக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான். அன்னக்கிளியின் குரல் வந்தது, மழைக்கு முன்னால் தண்ணீருக்கு வழி செய்யவேண்டும் என்று. அவள் வீட்டுப் பேரையோ மதிலையோ சொல்லவில்லை. சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். பிரேம்சிங் மூச்சு விட்டான்.

"ஏம்மா அன்னக்கிளி, பாதியை முழுங்கிட்டு உக்காருத?" மைக் இல்லாமலே கேட்டது அந்தக் குரல். மைமூனம்மாள். "பயமா இருந்தா நான் கேக்கேன். கவுன்சிலரம்மா, ரோட்டோரம் என் மீன் கொட்டகை நின்னுச்சு. பாதைக்கு இடைஞ்சல்னு பிரிச்சு எறிஞ்சீங்க. சரி, ரோடு எல்லாருக்கும் பொதுன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். இப்ப கேக்கேன், பதில் சொல்லுங்க. ஓலைக் கொட்டகைன்னா ரோடு பொது, சிமெண்டு மதில்னா ரோடு உங்க அப்பாவுதா?"

கூட்டத்தில் சிரிப்பு இல்லை. மைக் மட்டும் கொரகொரவென்று இழுத்தது.

"சொல்லிராதே அக்கா," என்றான் பிரேம்சிங், வீட்டுக்குள் நின்றுகொண்டு.

"மதில் தெருவுலதான் இருக்கு," என்றது மைக்கில் ரெனியின் குரல். "அளந்தாச்சு. அது எங்க அப்பா வீடு. என் வீட்டு வழக்குக்கு நானே தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்த ஒரு விஷயம் முடியிற வரைக்கும் கூட்டத்தை வேற ஆள் நடத்தட்டும். சண்முகையா அண்ணாச்சி, இங்கன வாங்க. மைக்கைப் பிடிங்க."

சண்முகையா தேர்தலில் அவளிடம் தோற்றவர். உரக்கடைக்காரர். எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்து காலாட்டுகிறவர்.

"அடேயப்பா! ஓட்டுல கிடைக்காத மைக்கு ஓசியில கிடைக்குதே!" என்ற அவர் குரலுக்கு இப்போது சிரிப்பு எழுந்தது. "சரி, நடத்திருவோம். பட்டா யாரு பேருல?"

"எங்க அப்பா பேருல."

"அப்ப உன்னைக் கேட்டு என்ன, அவரைத்தானே கேக்கணும். அண்ணாச்சி பக்கத்துலதான் இருக்காரு, ஜன்னலைச் சாத்திக்கிட்டு. கோர்ட்டையே ஆண்ட மனுசன். சும்மா கூப்பிட்டா மரியாதை இல்ல. கோர்ட் முறைப்படியே கூப்பிட்டுருவோம்." தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட் சேவகர் டவாலி கூப்பிடுகிற மாதிரியே ராகம் போட்டு இழுத்தார். "தானியேல் மகன் ஞானஒளிவு... ஞானஒளிவோ...ய்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஞானஒளிவு நாற்காலியின் கைகளைப் பிடித்தார். பணியில் இருந்த காலமெல்லாம் அந்த ராகத்தை அவர் தினமும் கேட்டிருக்கிறார். மூன்று அழைப்பு. மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் வரவில்லை என்று எழுதி, வழக்கை ஒருதலைப் பட்சமாக முடித்துவிடுவார்கள். சில பேர் வளாகத்துப் புளியமரத்தடியிலேயே நிற்பார்கள், கூப்பிடுவது காதில் விழுந்தும். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் அவர்களை அவர் ஒரு பார்வை பார்ப்பார். "பேரு சொல்லிக் கூப்பிடுதாங்க, வரலைன்னா பிறகு அந்தப் பேரு எதுக்கு ஓய்?" என்று ஒருமுறை ஒரு பெரிய மிராசுதாரைக் கேட்டிருக்கிறார். மிராசுதார் அதற்குப் பிறகு அவரிடம் பேசியதில்லை.

"கேலி பண்ணுதான்பா," என்றான் பிரேம்சிங். "காதைப் பொத்திக்கிடுங்க."

அவர் எழுந்து கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்தார்.

"எங்க கிளம்புதீங்க?"

"தானியேல் மகன் ஞானஒளிவோ...ய்!" இரண்டாவது அழைப்பு. இந்த முறை சிரிப்பு குறைந்திருந்தது. யாரோ, "பெரியவரைப் போட்டு ஏம்வே..." என்று இழுத்ததும் மைக்கில் விழுந்தது.

ஞானஒளிவு பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டார். "சாவியைக் குடு."

"தர முடியாதுப்பா. நீங்க போய் அங்கன நின்னா எல்லாம் முடிஞ்சுது. தாத்தா பேரு போயிரும்னு காலையில அக்காகிட்ட நீங்கதான் சொன்னீங்கன்னு ஹெப்சி சொன்னாளே?"

"ஆமா. அந்தப் பேரைத்தான் கூப்பிடுதான், கேக்கலையா? பூட்டிக்கிட்டு உள்ள இருந்தா அது வராத பேரு ஆயிரும். சாவி."

பிரேம்சிங் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான். சமையலறையிலிருந்து ஹெப்சி வந்தாள். கணவனைப் பார்க்காமல், மாற்றுச் சாவியை மாமனார் கையில் வைத்தாள்.

"ஏட்டி!" என்றான் பிரேம்சிங்.

"மாமாவைக் கூப்பிடுதாங்க," என்றாள் அவள்.

சங்கிலி துருப்பிடித்திருந்தது. பூட்டு ஒரு திருகுக்குத் திறக்கவில்லை. அவர் சாவியை மறுபடி நுழைத்தார். அதற்குள் மைக் மீண்டும் உயிர் பெற்றது. சண்முகையாவின் குரலில் இப்போது ராகம் சரியாக விழவில்லை. தொடங்கிவிட்டதை நிறுத்த வழி தெரியாதவர் போல இழுத்தார். "தானியேல் மகன்... ஞானஒளிவு..."

"ஆஜர்!"

கூட்டம் மொத்தமும் திரும்பியது. தெருவில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக அவர் வந்துகொண்டிருந்தார். வேகமாக வரவில்லை, ஆலயத்தில் முன்வரிசைக்குப் போகிற நடையில் வந்தார். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். மைக்கைப் பிடித்திருந்த சண்முகையா தானாகவே மேல்துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டு, அப்புறம் அதைக் கவனித்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். ரெனி ஓரமாக, கைகளைக் கட்டியபடி நின்றாள்.

யாரோ நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"கேளும்," என்றார்.

"அது... அண்ணாச்சி, நான் சும்மா ஒரு இதுக்கு..."

"கூப்பிட்டீரு, வந்திருக்கேன். கேளும்வே."

சண்முகையா மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "மதில் யாரு இடத்துல நிக்கி?"

ஞானஒளிவு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "அங்கன ஒரு வேப்பமரம் நிக்கி. என் வயசுக்கு மூத்த மரம். இங்க இருக்கிற பாதிப் பேரு அதன் நிழல்ல உக்காந்திருக்கீங்க. அது தெருவுல நின்ன மரம். இப்ப என் மதிலுக்கு உள்ள நிக்கி. மரம் நடந்து வரலை."

ஒரு தறி மட்டும் எங்கோ தட்டிக்கொண்டிருந்தது.

"மதில் கட்டும்போது நான் ஊர்ல இல்ல. ஆனா வந்த பிறகு பாத்தேன். பட்டா என் பேருல, அதனால பதிலும் என்னுது. யாரு கட்டினா, எவன் கட்டினான்னு யாரும் என் வீட்டுக்குள்ள வந்து கேக்கவேண்டாம். மதிலை நான் எடுக்கேன். ஆனா ஒண்ணு. இடிக்கிற மிஷின் வரக்கூடாது. என் வீட்டுக் கல்லுல வேத்தாள் கை படக்கூடாது."

"அது போதும் அண்ணாச்சி, உக்காருங்க," என்றார் சண்முகையா அவசரமாக. மைக்கை ரெனியிடம் நீட்டப் போனார்.

"இரும். இன்னும் முடியலை." ஞானஒளிவு மைமூனம்மாள் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் நேரடியாகப் பேசியதில்லை. வீட்டுக்கு மீன் வாங்குவது பெண்களின் வேலை. "உன் கொட்டகையைப் பிரிக்கிறதுக்கு முந்தி உன்னை யாராவது கூப்பிட்டாங்களாம்மா?"

"என்னை யாரு கூப்பிடுவா?" என்றாள் அவள். "காலையில மீன் ஏலத்துக்குப் போயிட்டு வாரேன், கொட்டகை கிடந்த இடத்துல மிஷின் நிக்கி."

ஞானஒளிவு மகளைப் பார்த்தார். பெயர் சொல்லவில்லை.

"கவுன்சிலர். என்னை மூணு தடவை கூப்பிட்டாங்க. இந்தம்மாவை ஒரு தடவைகூடக் கூப்பிடாம தீர்ப்பு எழுதினது யாரு?"

காலையில் படியேறாதே என்று சொன்னபோது நிமிர்ந்திருந்த ரெனியின் தலை இப்போது தாழ்ந்தது. கூட்டத்தில் சண்முகையாவின் ஆட்கள் முன்னால் சாய்ந்தார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தான். ஒழுங்குக்காகச் செய்தேன் என்றோ, தெருவின் நன்மைக்காக என்றோ அவள் சொல்லியிருக்கலாம். வக்கீலுக்குச் சொல்லத் தெரியாத சமாதானம் இல்லை.

"நான்தான்," என்றாள், மைக்கில்லாமல். பிறகு மைக்கை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னாள். "நான்தான். ரோடு போட வந்தவர்கிட்ட அதை எடுத்துருங்கன்னு வாய்ச்சொல்லா சொன்னேன். அந்த இடம் அவங்களுக்கு உண்டா இல்லையாங்கிறது வேற. கேக்காம எடுத்தது தப்பு. கொட்டகை அதே இடத்துல மறுபடி நிக்கும், அவங்க பக்கத்தைக் கேட்டு முடியிற வரைக்கும்."

"வெயில்ல வச்சு வித்ததுல நாறிப்போன மீனுக்கு?" என்றாள் மைமூனம்மாள். அவள் லேசில் விடுகிறவள் இல்லை.

"அதுக்கும் நான்தான் பதில்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று மைமூனம்மாள் கூட்டத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் எழவில்லை. ஆனால் யாரும் எழுந்தும் போகவில்லை.

ஞானஒளிவு திரும்பி நடந்தார். ரெனி பின்னாலேயே வந்து, கூட்டத்தின் விளிம்பில், "அப்பா," என்றாள்.

அவர் நின்றார். திரும்பவில்லை. "படி ஏறாதேன்னு சொன்னது சொன்னதுதான். அந்தத் தெருப் படியும் மதிலோட சேந்துதான் போகப்போவுது. போன பிறகு வா."

கேட்டருகே பிரேம்சிங் நின்றான். முகம் கறுத்திருந்தது. "எல்லாத்தையும் ஒரு நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டீங்க. திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலையா?"

"அதனாலதான் இன்னைக்கே. நாளைக்கு ஞாயிறு, ஆராதனை. திங்கக்கிழமை ஆனா உன் வக்கீல் ஒரு தாளோட வந்து நிப்பான், நம்மளும் ஆசைப்பட்டுருவோம். இருட்டுறதுக்குள்ள முதல் கல் விழணும்."

அவர் மாட்டுக் கொட்டிலாக இருந்த இடத்துக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தார். கனத்தது. தரையில் இழுத்துக்கொண்டே மதிலடிக்கு வந்தார். தூணில் அப்பாவின் பெயர் வெட்டிய கல் சாயங்கால வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தது. அதைத் துண்டால் துடைத்தார். கடப்பாரையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். அது பக்கவாட்டில் சாய்ந்து, அவர் தோளை இழுத்துக்கொண்டு கீழே விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது. சந்தின் முனையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அன்னக்கிளியின் புருஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தான். ஞானஒளிவு கையைக் காட்டி நிறுத்தினார்.

வேற்றாள் கை படக்கூடாது என்று ஊர் முன்னால் சொல்லியாகிவிட்டது.

"பிரேம்சிங்," என்று கூப்பிட்டார்.

மகன் வாசற்படியில் அசையாமல் நின்றான். ஹெப்சி அவனுக்குப் பின்னால் நின்றாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது.

ஞானஒளிவு வியர்வையைத் துடைத்தார். முதுகை நேராக்கினார். கோர்ட் வராந்தாவில் எதிரொலிக்கிற அந்தக் குரலில், சந்து முழுதும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஞானஒளிவு மகன் பிரேம்சிங்!"

பிரேம்சிங் தெருவைப் பார்த்தான். வேப்பமரத்தைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி ஹெப்சியின் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கி வந்து, கடப்பாரையைக் குனிந்து எடுத்தான்.

மூன்றாவது முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை.